சைவம் சாப்பிடுகிறவரையும் விடாத பன்றிப் புழு

பன்றி இறைச்சியை வாழ்நாளில் தொட்டே பார்க்காத ஒருவரின் மூளைக்குள் பன்றிப் புழு புகுந்துகொள்ள முடியுமா? முடியும். அப்படிப் புகுந்த புழுவால் அவருக்கு வலிப்பு வருமா? வரும். நல்ல உடல்நலத்துடன் இருப்பவருக்குத் திடீரென்று வலிப்பு வருவதற்கு நம் நாட்டில் உள்ள முக்கியமான காரணங்களில் இந்தப் புழுவும் ஒன்று என்று டாக்டர்கள் கூறுகிறார்கள்.

இதைக் கேட்டதும், "இது பட்டிக்காட்டு வியாதி. பன்றி வளர்க்கிறவர்களுக்கு வருவது. பெங்களூரில் வேலை பார்க்கும் நமக்கு என்ன வந்தது?" என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படி ஒதுக்கிவிட முடியாது. கிராமத்தையும் நகரத்தையும் பிரிக்கும் எல்லைக்கோடு இந்தப் புழுவுக்குத் தெரியாது. ஊருக்கும் பெங்களூருக்குமாகப் போய் வந்துகொண்டிருக்கும் தொழிலாளிக்குத்தான் இந்த விஷயம் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

கிராமத்துக்குள் ஒரு நகரம்

எலெக்ட்ரானிக் சிட்டியை எடுத்துக்கொள்வோம். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-இல் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்ற இரண்டு கிராமங்களின் நிலத்தில், சுமார் 330 ஏக்கரில் இதை அமைத்தது. அன்று ராகியும் அவரையும் விளைந்த பூமியில் இன்று கண்ணாடிக் கட்டிடங்கள் நிற்கின்றன. ஓசூர் ரோட்டுக்கு மேலே பறக்கும் பாலம் போகிறது.

ஆனால் கட்டிடங்களின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் கிராமம் இன்னும் மிச்சம் இருக்கிறது. காலி மனை, திறந்த சாக்கடை, குப்பை மேடு, அதைக் கிளறும் நாய்கள், சில இடங்களில் பன்றிகள். அவற்றுக்கு நடுவே தகரக் கொட்டகைகள். கட்டிட வேலைக்கு வந்த கொத்தனார்களும் சித்தாள்களும் அவற்றில் குடும்பத்தோடு தங்குகிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, சேலம், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இவர்களில் உண்டு. இப்போது ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி வரை இதே காட்சிதான்.

பத்துக் குடும்பத்துக்கு ஒரு கழிவறை இருந்தால் அது நல்ல இடம். அதுவும் இல்லாத இடத்தில் காலி மனைதான் கழிவறை. புழுவின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புழுவுக்கு இரண்டு பிறவி

இந்தப் புழு நாடாப்புழு வகையைச் சேர்ந்தது. பெயருக்கு ஏற்றபடி தையல் நாடாவைப் போலத் தட்டையாக, வெள்ளையாக இருக்கும். இரண்டு மீட்டர் முதல் ஏழு மீட்டர் வரை வளரும். மனிதனின் குடலில் மட்டுமே இது முழுப் புழுவாக வாழும். வேறு எந்த மிருகத்தின் குடலும் இதற்குச் சொந்த வீடு அல்ல.

புழுவின் தலையில் உறிஞ்சிகளும் கொக்கிகளும் இருக்கின்றன. அவற்றால் குடல் சுவரைப் பற்றிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் சாப்பாட்டில் பங்கு கேட்டபடி இருக்கும். உடம்புக்குப் பெரிய தொந்தரவு தெரியாது. அதனால் வயிற்றில் புழு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

புழுவின் வால் பக்கத்துக் கணுக்கள் முற்றி உதிர்ந்து மலத்தோடு வெளியே வரும். ஒரு கணுவுக்குள் சுமார் 50,000 முட்டைகள் வரை இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகள் ஈர மண்ணில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும்.

வெளியில் கிடக்கும் மலத்தைப் பன்றி தின்னும். முட்டை பன்றியின் குடலில் பொரிந்து, குஞ்சுப் புழு ரத்தத்தில் கலந்து, சதைக்குள் போய்ச் சிறு நீர்க்கொப்பளமாகத் தங்கிவிடும். இறைச்சியில் வெண்முத்துப் போலக் காணப்படுவது அதுதான். அந்த இறைச்சியை அரை வேக்காட்டில் மனிதன் சாப்பிட்டால், கொப்பளத்துக்குள் இருக்கும் தலை குடலில் ஒட்டிக்கொண்டு மறுபடியும் முழுப் புழுவாக வளரும். மனிதனிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதனுக்கு என்று சக்கரம் இப்படிச் சுற்றுகிறது.

இதுவரை சொன்னது பன்றி இறைச்சி சாப்பிடுகிறவரின் கதை. அவருக்கு வருவது வயிற்றுப் புழு. மாத்திரையில் போய்விடும். ஆபத்தான கதை இனிமேல்தான் வருகிறது.

பன்றிக்குப் பதிலாக மனிதன்

மலத்தில் வந்த முட்டை பன்றியின் வாய்க்குப் போகாமல் மனிதனின் வாய்க்கே போனால் என்ன ஆகும்? புழுவுக்கு வித்தியாசம் தெரியாது. பன்றியின் உடம்பில் என்ன செய்யுமோ அதையே மனிதனின் உடம்பிலும் செய்யும். குடலைத் துளைத்து ரத்தத்தில் கலக்கும். சதைக்குப் போகும், கண்ணுக்குப் போகும், மூளைக்கும் போகும். அங்கே அரைச் சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் அளவில் கொப்பளமாகத் தங்கும்.

ஆகவே இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேகாத இறைச்சியால் வருவது குடல் புழு. முட்டையால் வருவது மூளைப் புழு. முட்டை இறைச்சியில் இல்லை. அது மனித மலத்தில் இருக்கிறது. அதன் வழியாக மண்ணில், தண்ணீரில், கழுவாத கையில், கழுவாத கீரையில் இருக்கிறது. அதனால்தான் முட்டைகூடத் தொடாத சைவக்காரருக்கும் இந்த நோய் வருகிறது.

குடலில் புழுவை வைத்திருப்பவருக்கும், அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும், அவர் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து அதிகம். கழிவறைக்குப் போய்வந்து சோப்புப் போட்டுக் கைகழுவாமல் சட்னி அரைத்தால், சட்னியில் முட்டை சேரும். அதைச் சாப்பிடுகிற குழந்தைக்கு அம்மா ஊட்டுவது சோறு மட்டும் அல்ல.

இதற்கு நியூயார்க் நகரத்திலேயே சாட்சி இருக்கிறது. அங்கே மதக் கட்டுப்பாட்டின்படி பன்றி இறைச்சியை அறவே விலக்கி வாழும் யூதக் குடும்பங்கள் உண்டு. 1990-க்கும் 1991-க்கும் இடையில் அப்படிப்பட்டவர்களில் நால்வருக்கு மூளையில் இந்தப் புழுக் கொப்பளம் இருப்பது தெரியவந்தது. டாக்டர்கள் திகைத்தார்கள். விசாரித்ததில், இந்த நோய் நிலவும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் அந்த வீடுகளில் வேலை செய்தது தெரிந்தது. அவர்கள் வழியாகவே முட்டை சேர்ந்திருக்க வேண்டும் என்று 1992-இல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை முடிவு கூறியது.

இதில் வேலைக்காரர்களின் குற்றம் என்று எதுவும் இல்லை. தங்கள் வயிற்றில் புழு இருப்பது அவர்களுக்கே தெரியாது. கழிவறை இல்லாத ஊரில் பிறந்ததுதான் அவர்கள் செய்த தவறு. பன்றியின் மீதும் குற்றம் இல்லை. மனிதன் கொடுத்ததைத்தான் அது திருப்பிக் கொடுக்கிறது.

செத்த பிறகுதான் சேட்டை

மூளைக்குள் போன புழு உடனே வலிப்பை உண்டாக்குவதில்லை. உயிரோடு இருக்கும்வரை உடம்பின் காவல் படைக்குக் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் வித்தை அதற்குத் தெரியும். ஆண்டுகள் கழித்து அது சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு விழித்துக்கொள்கிறது. செத்துக்கொண்டிருக்கும் புழுவைச் சுற்றி வீக்கம் உண்டாகிறது. அந்த வீக்கம் மூளையை உறுத்துகிறது. வலிப்பு வருகிறது. சிலருக்குத் தீராத தலைவலி வரும். கொப்பளங்கள் பல இருந்தாலோ, மூளை நீர் ஓடும் வழியை அடைத்துக்கொண்டாலோ உயிருக்கே ஆபத்து.

இந்தக் கால இடைவெளியைத் தெளிவாகக் காட்டியவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். இந்தியாவில் பணிபுரிந்து தாயகம் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்கு வலிப்பு வருவதை 1930-களில் ராணுவ டாக்டர் மக்கார்தர் கவனித்தார். ஊரில் இருந்தவரை அவர்களுக்கு வலிப்பு இருந்ததில்லை. ஆராய்ந்ததில் நாடாப்புழுக் கொப்பளமே காரணம் என்று தெரிந்தது. இப்படி 450 பேரின் விவரங்களைத் தொகுத்து 1961-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. பெரும்பாலோருக்கு முட்டை உள்ளே போய்ச் சில ஆண்டுகள் கழித்து வலிப்பு வந்திருந்தது. சிலருக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் வந்தது.

எனவே இன்று பெங்களூரில் ஒருவருக்கு வலிப்பு வந்தால், புழு முட்டையை அவர் ஊரில் சாப்பிட்டாரா, இங்கே சாப்பிட்டாரா என்று சொல்லவே முடியாது.

சிப்பாய்கள் விஷயம் சீமை வரை பேசப்பட்டது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, 1888-இல், சென்னையில் வலிப்பு வந்து இறந்த ஒரு கூலித் தொழிலாளியின் உடலில் இந்தக் கொப்பளங்கள் காணப்பட்டன. இந்தியாவில் இந்த நோய் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு என்று அதையே சொல்கிறார்கள். அந்தத் தொழிலாளியின் பெயரை யாரும் நினைவில் வைக்கவில்லை.

வேலூர் டாக்டர்கள் கண்ட உண்மை

1980-களில் தலையைப் படம் எடுக்கும் சி.டி. ஸ்கேன் கருவி நம் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. வலிப்பு வந்தவர்களைப் படம் எடுத்தால் பலரின் மூளையில் ஒரே ஒரு சிறு புள்ளி தெரிந்தது. அதைச் சுற்றி வீக்கம். அது என்ன என்ற கேள்வி எழுந்தது. காச நோய் நிறைந்த நாடு அல்லவா? மூளையில் காச நோய்க் கட்டி என்றே பலரும் முடிவு செய்தார்கள். நோயாளிகள் மாதக்கணக்கில் காச நோய் மாத்திரை விழுங்கினார்கள். புள்ளியும் மறைந்தது. மருந்து வேலை செய்தது என்று எல்லோரும் நம்பினார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மாத்யூ சாண்டி, டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் ஆகியோருக்கு இதில் சந்தேகம் வந்தது. சில நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து அந்தப் புள்ளியையே வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செத்துக்கொண்டிருக்கும் பன்றிப் புழுவின் கொப்பளம் அங்கே இருந்தது. இதை 1989-இல் லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

அதன் பிறகு இன்னொன்றும் புரிந்தது. அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை எந்தக் காச நோய் மருந்தும் இல்லாமலே சில மாதங்களில் தாமாக மறைந்துவிடுகின்றன. மருந்து தின்றதால் மறைந்தது என்று எண்ணியது, மறையும் காலம் வந்ததால் மறைந்திருக்கிறது. வேலூரில் கிடைத்த இந்த விடை, தேவையில்லாத மருந்திலிருந்தும் தேவையில்லாத அறுவையிலிருந்தும் நாடெங்கும் ஏராளமானவர்களைக் காப்பாற்றியது.

மூன்றில் ஒருவர்

அதோடு அவர்கள் நிற்கவில்லை. கிராமங்களில் உண்மையில் எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று பார்க்க, வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் அதிகமான மக்களிடம் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 2006-இல் முடிவு வெளியாயிற்று. ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ நான்கு பேர் வலிப்பால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பன்றிப் புழுவே காரணம் என்று ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் காட்டின.

பெங்களூர்ப் பக்கத்து நிலைமையும் ஆராயப்பட்டிருக்கிறது. நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியின் டாக்டர் கௌரி தேவியும் அவருடைய குழுவினரும் 1990-களில் பெங்களூர் நகரிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் கணக்கெடுத்தார்கள். நகரத்தில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 6 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. கிராமத்தில் அது ஏறத்தாழ 12. அதாவது இரண்டு மடங்கு. இது எல்லாவித வலிப்புக்கும் சேர்த்த கணக்கு. பிரசவத்தில் குழந்தைக்கு ஏற்படும் பாதிப்பு, தலைக்காயம், மூளைக் காய்ச்சல் எனக் காரணங்கள் பல உண்டு. எல்லா வலிப்புக்கும் புழுவே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் தடுக்கக்கூடிய காரணங்களில் புழு முன்வரிசையில் நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. இந்தப் புழு நிலவும் நாடுகளில் வலிப்பு நோயாளிகளில் 100-க்கு 30 பேருக்கு இதுவே காரணம் என்பது அதன் மதிப்பீடு. ஏழை நாடுகளின் கவனிக்கப்படாத நோய்களின் பட்டியலில் 2010-இல் இதையும் சேர்த்தது.

சாரத்தின் மேல் நிற்கிறவனுக்கு

காக்காய் வலிப்பு என்று பேச்சில் சொன்னாலும் காக்காய்க்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை. கால் கை வலிப்பு என்பதே அப்படி மருவிற்று என்பார்கள். கன்னடத்தில் மூர்ச்செ ரோகம் என்று சொல்வார்கள். எந்த மொழியில் சொன்னாலும் அதற்கு ஏழை கொடுக்கும் விலை ஒன்றுதான்.

அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வலிப்பு வந்தால் கீழே விழுவார். நான்காவது மாடிச் சாரத்தில் நிற்கும் கொத்தனாருக்கு வந்தால்? லேத் மெஷினில் கை வைத்திருக்கும் தொழிலாளிக்கு வந்தால்? ஓசூர் ரோட்டில் லாரி ஓட்டுகிறவருக்கு வந்தால்? ஒருமுறை பார்த்துவிட்ட மேஸ்திரி மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார். டிரைவரின் பிழைப்பு போய்விடும். எனவே பலர் வலிப்பை மறைக்கிறார்கள். மறைப்பதால் மருந்து சாப்பிடுவதில்லை. மருந்து சாப்பிடாததால் மறுபடியும் விழுகிறார்கள்.

பெண்ணுக்கு வந்துவிட்டால் கல்யாணப் பேச்சே நின்றுவிடுகிறது. பேய் பிடித்தது, செய்வினை வைத்தார்கள் என்று கோயில் கோயிலாக, மந்திரவாதி வீடு வீடாக அலைகிறார்கள். சட்டம்கூட ஒரு காலத்தில் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக எண்ணி வந்தது. இந்து திருமணச் சட்டத்திலிருந்து அந்த வார்த்தையை 1999-இல் பாராளுமன்றம் எடுத்துவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போனது இன்னும் பல வீடுகளிலிருந்து போகவில்லை.

உண்மை என்னவென்றால், ஒரே ஒரு புழுக்கொப்பளத்தால் வலிப்பு வந்தவர்களில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். மருந்து சாப்பிட்டால் வலிப்பு கட்டுப்படும். புள்ளி மறைந்த பிறகு, டாக்டர் பார்த்துச் சொன்னால், மருந்தை நிறுத்தவும் செய்யலாம். ஆயுள் முழுவதும் ஒதுக்கிவைக்கப்பட வேண்டியவர் அல்ல அவர்.

என்ன செய்ய வேண்டும்?

ஒருவருக்குக் கண்ணெதிரே வலிப்பு வந்தால் கையில் சாவிக் கொத்தையோ இரும்பையோ திணிப்பதில் பயன் இல்லை. வாயில் கரண்டியோ துணியோ வைக்கக் கூடாது. தண்ணீரும் புகட்டக் கூடாது. அருகில் இருக்கும் கல், இரும்பு போன்றவற்றை அகற்றி, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாக நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

முதல் முறை வலிப்பு வந்தவர் நரம்பியல் டாக்டரைப் பார்ப்பது அவசியம். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவருக்கு அதே ஓசூர் ரோட்டில், சுமார் 15 கிலோமீட்டரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. ஊருக்குத் திரும்புகிறவருக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஸ்கேன் பார்த்த பிறகே காரணம் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "புழுதானே, பூச்சி மாத்திரை போட்டால் போச்சு" என்று வலிப்பு வந்தவர் தாமாகக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. மூளையில் பல கொப்பளங்கள் இருந்தால், மாத்திரையால் எல்லாம் ஒரே நேரத்தில் சாகும். வீக்கம் பெருகி உயிருக்கே ஆபத்து வரலாம். கண்ணில் கொப்பளம் இருந்தால் பார்வை போகலாம். ஆகவேதான் டாக்டர்கள் முதலில் பரிசோதித்து, வீக்கத்தை அடக்கும் மருந்தோடு சேர்த்துப் புழு மருந்தைக் கொடுக்கிறார்கள். வலிப்பு மாத்திரையையும் சொந்த யோசனையில் நிறுத்தக் கூடாது. லீவில் ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்து போனதால் திருவிழாக் கூட்டத்தில் விழுகிறவர்கள் உண்டு.

மலத்தில் வெள்ளை நாடாத் துண்டுபோல எதுவும் தெரிந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குடல் புழுவுக்குச் சுலபமான மருந்து உண்டு. அதைத் தீர்த்துக்கொள்வது தனக்கு மட்டும் அல்ல, வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் பாதுகாப்பு. வீட்டில் ஒருவருக்கு மூளைப் புழு என்று தெரிந்தால் மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

தினசரி வாழ்க்கையில் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கழிவறைக்குப் போய்வந்ததும், சமைக்கும் முன்னும், சாப்பிடும் முன்னும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி, காரட், வெள்ளரி என்று பச்சையாகச் சாப்பிடும் எதையும் நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். சாக்கடைத் தண்ணீர் பாயும் தோட்டத்தில் விளைந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. கீரையை வேகவைத்தால் பயம் இல்லை. பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்கள் உள்ளே சிவப்பு இல்லாதபடி நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

மேஸ்திரியின் பங்கு, முதலாளியின் பங்கு

தொழிலாளி கையைக் கழுவலாம். தண்ணீர் இல்லாத கொட்டகையில் எதைக் கொண்டு கழுவுவது? கழிவறை இல்லாத இடத்தில் எங்கே போவது? ஆகையால் இது தனி மனிதரின் சுத்தத்தோடு முடியும் விஷயம் அல்ல.

கட்டிடத் தொழிலாளர்களுக்காக 1996-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், வேலை நடக்கும் இடத்தில் குடிதண்ணீரும் கழிவறையும் முதலாளியே செய்துகொடுக்க வேண்டும் என்றது. தங்கும் கொட்டகையில் சமைக்க, குளிக்க, துவைக்க இடமும் கழிவறையும் இருக்க வேண்டும் என்றது. 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் கழிவறை ஏற்பாடு முதலாளியின் கடமையே. இது யாரும் இரக்கப்பட்டுப் போடும் பிச்சை அல்ல, தொழிலாளியின் உரிமை. இருபது மாடி எழுப்பத் தெரிந்தவர்களுக்கு, அதைக் கட்டுகிறவன் குடும்பத்துக்கு நாலு கழிவறை எழுப்பத் தெரியாதா?

சக்கரத்தை நிறுத்தலாம்

இந்தப் புழுவை ஒரு வட்டாரத்திலிருந்தே ஒழிக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் தும்பேஸ் பகுதியில் டாக்டர்களும் மிருக வைத்தியர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். மனிதர்களுக்குப் புழு மருந்து கொடுத்தார்கள். பன்றிகளுக்கும் மருந்து கொடுத்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 107 கிராமங்களில் 105 கிராமங்களில் புழு பரவுவது நின்றது. இந்த முடிவு 2016-இல் வெளியாயிற்று.

பன்றிக்கான அந்தத் தடுப்பூசி முறையை உருவாக்கியது ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகம். அதை வியாபார அளவில் தயாரித்தது நம் ஹைதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனலாஜிக்கல்ஸ் நிறுவனம். ஆக மருந்தும் இருக்கிறது, தடுப்பூசியும் இருக்கிறது, வழியும் தெரிந்திருக்கிறது. பன்றி வளர்ப்பவர்கள் பட்டியில் அடைத்து, தீவனம் போட்டு வளர்த்தால் பன்றிக்கும் நோய் இல்லை, வாங்குகிறவருக்கும் பயம் இல்லை. அப்படி வளர்க்க அரசு கைகொடுத்தால் அவர்கள் பிழைப்பும் கெடாது.

இந்தப் புழுவுக்குப் பறக்கத் தெரியாது. கொசுவைப்போலக் கடிக்கவும் தெரியாது. மனிதனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இன்னொரு மனிதனின் வாய்க்கு வருகிறது. கையைக் கழுவவும், மலத்தை மண்ணோடு கலக்காமல் மூடிவைக்கவும் வசதி செய்துவிட்டால் அதற்கு வழி அடைபட்டுப்போகும். மூளையைத் துளைத்துப் பார்த்துச் செய்யும் வைத்தியத்தைவிட ஒரு குழாயும் ஒரு கதவுள்ள கழிவறையும் மலிவு.